எலியின் கை, குதிரையின் முதுகு

ஹலோ... ஹலோ, லான்யிங்கா? நான்தான், அண்ணி பேசுறேன். குய்ஃபாங்... ஆமா, ஆமா, சாப்பிட்டாச்சு... இல்ல, சாப்பிடல. சோறா இப்ப முக்கியம்? பக்கத்துல யாரும் இல்லையே?... சத்தமாப் பேச முடியாது. சமையக்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறேன், உள்ள நெருப்பா வேகுது. உங்கண்ணன் அறையில படுத்திருக்காரு. குப்புற. ஏன் குப்புறன்னு கேளு... கேளேன்!

முதுகுல மருந்துப் பத்து. அதான் குப்புற.

என்ன 'நல்லதுதானே அண்ணி'? இன்னிக்குக் கோடையோட மூணு அனல் நாள்ல முதல் நாள், ஊரே முதுகுல பத்துப் போட்டுக்கிட்டு அலையுது, அது எனக்குத் தெரியாதா? குளிர்கால இழுப்புக்குக் கொளுத்துற வெயில்லதான் மருந்துன்னு, நான் உங்க வீட்டுக்கு வந்த முதல் கோடையிலயே உங்கம்மா சொல்லிக்குடுத்துட்டாங்க. அதுலேருந்து அவரு முதுகுக்கு நான், என் முதுகுக்கு அவரு. ஒரு வருஷம் தப்பினதில்ல. இன்னிக்கும் விடிஞ்சதும் எந்திரிச்சு வெள்ளைக் கடுகு இடிச்சு, இஞ்சி தட்டிச் சாறு பிழிஞ்சு, குழைச்சு வச்சிருக்கேன். கிண்ணம் இதோ என் முன்னால இருக்கு. ஓரமெல்லாம் காஞ்சு வெடிக்குது... ஆமா. ஆமாங்கிறேன்! அவரு முதுகுல இருக்கிறது நான் போட்டதில்ல!

...ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கியா? ஏன் இப்படி இருமுறே? தண்ணி குடி.

முழுசாக் கேளு. காலையில, 'உப்பு வாத்து வாங்கிட்டு வரேன்'னு கிளம்பினாரு. முதல் அனலும் அதுவுமா வாத்து எதுக்குன்னேன். 'நாக்கு கேக்குது'ன்னாரு. சரி, போங்கன்னேன். திரும்பி வந்தாரு, பன்னெண்டரைக்குக் கொஞ்சம் முன்னாடி. கையில வாத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடையில தீந்துபோச்சாம். நான்ஜிங்ல வாத்து தீந்துபோச்சாம், லான்யிங்! மழை பெய்ஞ்சா வாத்துதான் விழும் இந்த ஊர்ல!... சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது.

குளிர வச்ச தர்பூசணியைக் கீறிக் குடுத்தேன். வேண்டாம்னுட்டாரு. உங்கண்ணன்! தர்பூசணி வேண்டாம்னுட்டாரு! அப்புறம் நேராப் போய் ஏசியை அணைச்சாரு. வேர்த்து ஊத்துதே, குளிச்சிட்டு வாங்கன்னேன். குளிக்க மாட்டாராம். பத்துப் போட்டவன்தானே குளிர்ச்சி திங்க மாட்டான், குளிர்காத்துல உக்கார மாட்டான், தண்ணியை மேல படவிட மாட்டான்? நான் ஒண்ணும் பேசல. பாத்துக்கிட்டே இருந்தேன். அறைக்குப் போனவரு கதவு நிலையில முதுகை வச்சுத் தேய்க்கிறாரு. லாயத்துக் குதிரை தூண்ல தேய்க்குமே, அப்படி. நேராப் போய் பனியனைத் தூக்கிட்டேன்.

ஆறு. கழுத்துக்குக் கீழ ரெண்டு, நடுவுல ரெண்டு, அதுக்கும் கீழ ரெண்டு. தன் கையால போட்டுக்கிற எடமா அது? வளைஞ்சு நெளிஞ்சாலும் எட்டாது. எவளோ உக்காந்து, வெரலால அளந்து அளந்து...

கேட்டேனே! 'யாரு போட்டது?'ன்னேன். குப்புற விழுந்து தலகாணியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டாரு. ஆஸ்பத்திரின்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல? அதுக்குக்கூட வாய் வரல.

யாரா? வேற யாரு, துங்! மோச்சோ ஏரிக்கரையில சாயங்காலமானா ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஆட்டம் சொல்லிக்குடுக்கிறாளே, புருஷன் செத்து மூணு வருஷம்கூட ஆகல, உதட்டுல சாயம்... தெரியாம என்ன, உனக்குத் தெரியும். போன மாசம் விசிறியால பாதி மூஞ்சியை மூடிக்கிட்டு என்கிட்டயே கேக்குறா, 'உங்க வீட்டுக்காரரு குதிரை வருஷத்துல பொறந்தவராமே, தங்கச்சி? நான் ஆட்டு வருஷம்'னு. குதிரைக்கு ஆடு அச்சாப் பொருந்தும்னு தெரியாதவங்க இந்த ஊர்ல உண்டா? எவ்வளவு தைரியம் இருந்தா என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுவா! நான் என்ன பண்ணுவேன், பன்னெண்டு மிருக வருஷத்துல நான் பொறந்தது எலி வருஷம். குதிரைக்கு நேர் எதிரி...

என்னங்க?... ஆங்?... ஒண்ணுமில்லீங்க! கேஸ்காரன்கிட்டப் பேசுறேன்!... மணியா? ஒண்ணாகப் பத்து நிமிஷம் இருக்கு!

...கேட்டியா? மணி கேக்குறாரு. வந்ததுலேருந்து இது மூணாவது தடவை. வேலைக்குப் போறாரா, பஸ் ஓட்டப் போறாரா? அதெல்லாம் விட்டு எத்தனை நாளாச்சு. இப்ப எதுக்கு மணி? அவ எங்கயோ காத்துக்கிட்டு இருக்கா. அதான்.

இல்ல லான்யிங், நீ சமாதானம் சொல்லாத. பத்தைக்கூடப் பொறுத்துக்குவேன். இடுப்புல சிவப்புக் கயிறு கட்டியிருக்காரே, அது? அறுபது வயசு, குதிரைக்காரருக்குக் குதிரை வருஷமே திரும்பி வந்திருக்கு, கண்டம் ஒண்ணும் அண்டக்கூடாதுன்னு புத்தாண்டு அன்னிக்கு என் கையால கட்டிவிட்ட கயிறு. சட்டையைக் கழட்டிப் படுத்தா அதுவும் கண்ணுல படும்ல? கட்டினவ ஒருத்தி வீட்டுல இருக்கான்னு அவளுக்குத் தோணியிருக்கும்ல? பாத்துக்கிட்டேதானே போட்டிருக்கா!

இன்னொண்ணு சொல்றேன், கேளு. என்னால தாங்க முடியாதது அதுதான். நல்லாப் போட்டிருக்கா. ஆமா! கோடு கிழிச்ச மாதிரி நேரா இருக்கு. நான் போட்டா ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ வரும், அவரு சிரிப்பாரு. இவ பிளாஸ்திரியைச் சதுரமா வெட்டி, மூலை உரியக்கூடாதுன்னு நாலு மூலையையும் வட்டமா நறுக்கியிருக்கா. ஒவ்வொண்ணையும். ஆறுலயும். எவளுக்கு அவ்வளவு பொறுமை? கத்திரியைத் தொட்டுப் பழகின கை. துணி வெட்டுற கை மாதிரி...

...

இரு.

லான்யிங். அந்தத் துங்குக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. போன வாரம் என்கிட்டத்தான் குடுத்துத் தைச்சுக்கிட்டுப் போனா.

...லான்யிங், நீ தையக்காரி.

...நீயா? நீயா போட்டே?... 'அண்ணி, கோவிச்சுக்காதீங்க'வா? இவ்வளவு நேரம் நான் அந்தத் துங்கைத் திட்டித் தீக்குறேன், 'ம்' 'ம்'னு கேட்டுக்கிட்டு இருந்தியே, பாவி! வாத்து எங்கே? என் வாத்து எங்கே?... ஓ. உங்க வீட்டு ஃபிரிட்ஜுல. தங்கச்சிக்கு வாத்து. பொண்டாட்டிக்குத் தீந்துபோச்சு.

சொல்லு. ஏன்? இத்தனை வருஷம் போட்ட என் கைக்கு என்ன வந்துச்சு?... ஜோசியரா? எந்த ஜோசியர்?... மலைக்கோயில் வாசல்ல... நீ கூட்டிட்டுப் போனியா, அவரா வந்தாரா?... அவராவா? சரி, சரி, மேல சொல்லு... ஆமா... ஆமா... பகல் பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும் குதிரைப் பொழுது, அது தெரியும்... குதிரை வருஷம், குதிரைப் பொழுது, குதிரைக்காரர் முதுகு... எலிக்காரி கை படக்கூடாதா?

படக்கூடாதாமா!

இந்த எலிக்காரி கை பிசைஞ்ச மாவைத் தின்னுதான் அந்தக் குதிரைக்கு அறுபது வயசாச்சு! நீ நாய் வருஷம், குதிரைக்கு ஒத்துப்போற சாதி, அதனால நீ தொடலாம். நான் தொட்டாத் தீட்டு... இல்ல, நீ பேசாத. உனக்கு ஞாபகம் இருக்கா, எங்க கல்யாணப் பேச்சு? எலி வேண்டாம், எலி வந்தாக் குடும்பம் விளங்காதுன்னு உங்கம்மா சோத்துத் தட்டைத் தள்ளிட்டு உக்காந்தாங்க. அப்ப உங்கண்ணன் என்ன சொன்னாரு? 'லாயம்னு ஒண்ணு இருந்தா எலி இருக்கத்தான் செய்யும்மா. எந்தக் குதிரை அதுக்கு அழுதுச்சு?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. உங்கம்மாவே சிரிச்சாங்க. நான் அந்த ஒரு பேச்சுக்குத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன், லான்யிங். எத்தனை பேரு ஆடு, புலின்னு வந்து பல்லைக் காட்டினாலும், எனக்கு அந்த ஒரு பேச்சு இருந்துச்சு. இப்ப அறுபது வயசுல பயம் வந்துடுச்சு. உயிர்மேல ஆசை. எலி கை பட்டா செத்துப்போயிடுவோம்னு...

...என்ன?... என்ன சொன்னே?

திரும்பச் சொல்லு. மெதுவா.

...கெடுதல் குதிரைக்கு இல்லையா?... எலிக்கா?

...ம்... ம்... குதிரை வருஷத்துல நேர் எதிர்ல நிக்கிறது எலி. ஆமா, அது சரிதான். புத்தாண்டு அன்னிக்கே பஞ்சாங்கத்துல பாத்தேன், எலிக்காரங்களுக்குத்தான் உடம்புக்கு ஆகாதுன்னு போட்டிருந்துச்சு... அவரும் பாத்தாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல... ம்... போன குளிருக்கு நான் படுத்தேனே, அதையும் ஜோசியர்கிட்டச் சொன்னாரா?... அழுதாரா?... பொய் சொல்லாத, அவரு அழ மாட்டாரு... உன் முன்னாலயா?

...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன். இஞ்சிச் சாறு கண்ணுல பட்டுடுச்சு.

ஆமா, அந்தக் குளிர்ல ராத்திரியெல்லாம் என்னைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவரு எண்ணுவாரு, 'ஒண்ணு, ரெண்டு'ன்னு. பஸ்ஸுல டிக்கெட் எண்ணுற மாதிரி எண்ணாதீங்கன்னு திட்டினேன்... ம்... அப்ப, குதிரைப் பொழுதுல எலி குதிரையைத் தொட்டா எலிக்கு ஆகாது. அதான் உன்கிட்ட ஓடி வந்தாரு. சரி. புரியுது.

ஆனா ஏன் என்கிட்டச் சொல்லல?... நான் வேணும்னே போட்டிருப்பேனா?... போட்டிருப்பேன்தான். 'பாத்துடலாம் வாங்க, ஜோசியரா எலியா'ன்னு பதினொண்ணு அடிச்சதும் உக்காந்திருப்பேன். அது வேற விஷயம். என்கிட்டச் சொல்லாததை உன்கிட்ட எப்படிச் சொல்லலாம்? அழறதா இருந்தா என் முன்னால அழறதுக்கென்ன? பொண்டாட்டி நானா நீயா?... தங்கச்சின்னா? தங்கச்சின்னா மட்டும்? துங்குன்னா ஏரியில தள்ளிட்டு வந்திருப்பேன், முடிஞ்சுது. உன்னை எங்க கொண்டுபோய்த் தள்ளுறது?

அப்புறம் என் முதுகு? நீ அவருக்குப் போட்டுட்டே, எனக்கு யாரு போடுவா? எனக்கு மட்டும் இழுப்பு இல்லையா? நெஞ்சு அடைச்சுப் படுத்தவ நானு. கிண்ணத்துல மருந்து கல்லாகுது, முதல் அனலும் போகுது, என் முதுகை ஒருத்தரும்...

...அய்யோ. வராரு. கதவைத் திறக்கிறாரு... கேஸ்காரன்தாங்க! இதோ வைக்கிறேன்!... என்ன?... என்னது?... 

லான்யிங், இரு, வைக்காத. கிண்ணத்தை எடுக்கிறாரு... இஞ்சித் துண்டு எங்கேன்னு கேக்குறாரு. அந்தச் சல்லடைத் தட்டுல இருக்குங்க, அதுக்குக் கீழ... சாறு பிழிஞ்சு விடுறாரு. குழைக்கிறாரு... மணி ஒண்ணு அடிச்சிடுச்சாம். குதிரைப் பொழுது போயிடுச்சாம். இனிமே ஆட்டுப் பொழுதாம், யாரு யாரைத் தொட்டாலும் குத்தமில்லையாம்... அதுக்குத்தான் மணி கேட்டுக்கிட்டே கிடந்திருக்காரு! குப்புறப் படுத்துக்கிட்டு!

...சட்டையைக் கழட்டுன்னு சொல்றாரு... ஏய், என்ன சிரிப்பு? முதுகுல மருந்து போடத்தான்டி! 

உங்களுக்குத்தாங்க சொல்றேன், போன்ல இருக்கிறது கேஸ்காரன் இல்ல, உங்க அருமைத் தங்கச்சி. ஆமா, எல்லாம் தெரியும். திரும்பி நின்னுட்டேன், போடுங்க... ஸ்ஸ்... எரியுது. இன்னும் கொஞ்சம் மேல... அதான். அதேதான்.

லான்யிங், இதைக் கேட்டுக்கோ. ரெண்டாம் அனலுக்கு அவரு உங்க வீட்டுப் பக்கம் வரமாட்டாரு. ஒரு மணி அடிக்கட்டும், ஆட்டுப் பொழுதுல எலி போட்டுவிடும். கோணலாத்தான் போடுவேன். நீ வேணும்னா வந்து விசிறிவிடு. வரும்போது வாத்து முழுசா வரணும், ஒரு கால் குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுபோகும்... ம்... ம்... சரி, சரி. நானும் வாய் விட்டுட்டேன். வைக்கவா?

இரு, ஒண்ணே ஒண்ணு. என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. அவ காதுல விழட்டும். யாரு போட்டது பதமா இருந்துச்சு, இத்தனை வருஷம் நான் போட்டதா, இன்னிக்கு இவ போட்டதா?

...

லான்யிங்! யோசிக்கிறாரு! யோசிக்கிறாரு பாரு!... வைடி போனை!