கிரகணம் விடுற வரைக்கும்

கையக் கூட கழுவாம ஓடி வந்துட்டியா ரோஸி? பரவால்ல, மீன் வாசனைதான, உள்ள வா. குத்தமா சொல்லலம்மா. கிரகண நேரத்துல நாங்கதான் அடுப்பு பத்த வெக்க மாட்டோம். உங்களுக்கென்ன, சண்டேன்னா குழம்பு கொதிக்கணும். வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறி வந்துச்சு. சரி, ரோஸி வீட்லதான் இருக்கான்னு அத வெச்சுதான் கூப்டேன். மாஸ்க்க கழட்டிடு, இந்தப் புழுக்கத்துல மூச்சு முட்டும்.

எதுக்குக் கூப்டேன்னா... சொல்றேன், சொல்றேன். மொதல்ல உக்காரு. குடிக்கத் தண்ணி குடுக்க முடியாது, கோச்சுக்காத. எல்லாத்துலயும் தர்ப்பை போட்டு மூடி வெச்சிருக்கேன். கிரகணம் விடட்டும், தலைக்குக் குளிச்சிட்டு மோரே கரைச்சுத் தர்றேன்.

உங்க வீட்லயும் கரெண்ட் இல்லதான? டமால்னு வெடிச்சுதே அந்த ட்ரான்ஸ்ஃபார்மர், அப்ப போனதுதான். ஈபிக்கு அடிச்சா, ஆளு வருவாங்க வருவாங்கன்றான். இன்னிக்கு முழு ஊரடங்கு வேற, எவன் வருவான்? நீயாவது கீழ் வீடு. எங்களுக்கு மேல மொட்டை மாடி. உச்சி வெயில் ஏறிச்சுன்னா சீலிங்கு தோசைக்கல்லு மாதிரி ஆயிடும். அக்னி நட்சத்திரம் முடிஞ்சா என்ன, வெயிலு காலண்டர் பாத்தா அடிக்குது?

மிருதுளாவா? உள்ளதான் இருக்கா. தூங்குறா.

தூங்கட்டும், பாவம். ஏழாம் மாசம்னா சும்மாவா. உனக்கே தெரியும், எம்மருமவள நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஒரு பொட்டு வெயில் அவ மேல படல. நாவலூர் ஆபீஸ்ல வீட்லேர்ந்தே வேலை பாருங்கன்னதும், கொரோனாவுக்கே ஒரு கும்பிடு போட்டேன். துணி காயப்போட மாடிக்கு விடல. பத்து மணிக்கு ஒரு எளநி, மத்தியானம் மோரு, சாயங்காலம் நுங்கு. குரோம்பேட்டைல அந்த டாக்டரம்மா தலைதலையா அடிச்சுகிட்டாங்க. வயித்துல புள்ள இருக்கும்போது உடம்பே ஒரு அடுப்பும்மா, சூடு சட்டுனு ஏறிடும், தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கணும், காத்து வர்ற எடத்துல படுக்கணும், தலை கிர்ருன்னா அலட்சியமா இருக்காம ஓடி வாங்கன்னு. நான் ஒண்ணாவது மீறினேனா? நீயே சொல்லு.

கொழந்தைக்காக எட்டு வருஷம் காத்திருந்தோம் ரோஸி. ஊசி போட்டுப் போட்டு அந்தப் பொண்ணு வயித்துல ஊசி குத்த எடமில்லாம போச்சு. ரெண்டு தடவ நின்னு, நின்னு, கலைஞ்சு போச்சு. இது மூணாவது. கேஷவ் பெங்களூர்ல மாட்டிக்கிட்டான், ஈ-பாஸுக்கு அலையறான். அம்மா, நீ இருக்கியேன்னு தைரியமா இருக்கேன்றான்.

சிரிக்காத. டீச்சரே கிரகணத்த நம்பலாமான்னுதான பாக்குற? நம்பல. பம்மல்ல இருவத்தெட்டு வருஷம் சயின்ஸ் எடுத்தவ நான். சூரியன், நடுவுல நிலா, இந்தப் பக்கம் பூமி. கலர் சாக்பீஸ்ல போர்டு முழுக்க வரைவேன். திரிபுரசுந்தரி டீச்சர் கிரகணப் பாடம் எடுத்தா ஹெட்மாஸ்டரே வந்து வாசல்ல நிப்பாரு. ராகுவும் இல்ல கேதுவும் இல்ல, வெறும் நெழலுன்னு சொல்லுவேன். அப்படிச் சொன்ன வாய்தான் இது.

கேஷவோட மீசைய நீ உத்துப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட, நல்லா அடர்த்தியா வெச்சிருக்கான். அதுக்குள்ள தையல் தழும்பு இருக்கு. பொறக்கும்போது மேலுதடு ரெண்டா பொளந்து இருந்துச்சு. பால் குடிக்க வராது, மூக்கு வழியா வரும். எண்பதாம் வருஷம் பிப்ரவரில ஒரு பெரிய கிரகணம் வந்துச்சு பாரு, அப்ப அவன் வயித்துல. எனக்கு ரெண்டு மாசமோ என்னமோ. மாமியார் படுத்துக்கோன்னாங்க. நான் படிச்சவளாச்சே! வெளிய வந்து நின்னேன், அருவாமனைல வெண்டக்காய் நறுக்கினேன். புள்ளையத் தூக்கிப் பாத்ததும் அந்த அம்மா சொன்ன மொத வார்த்தை, வெண்டக்காய வெட்டினியா, உதட்ட வெட்டினியான்னுதான். சாகுற வரைக்கும் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் வாயத் தொறந்து சொல்லல. ஆனா புள்ளைய ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப என்னத் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு. அவரு போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பார்வையோடதான் குடும்பம் நடத்தினேன்.

அதுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண?

நீ குடுத்து வெச்சவ. ஆல்வின் வயித்துல இருக்கும்போது வந்த கிரகணத்த மாடில நின்னு பாத்தேன்னு நீயே சொல்லிருக்க. புள்ள ஜம்முனு இருக்கான். உங்களுக்கு இதெல்லாம் ஒட்டாது.

என்ன சத்தமா? ஒண்ணும் கேக்கலியே. இப்ப ஒண்ணும் கேக்கல.

நேத்தே அந்த நடு ரூம ரெடி பண்ணிட்டேன். அதுலதான் ஒரே ஒரு ஜன்னல், அடைக்க சுளுவு. பேப்பர ரெண்டு மடிப்பா ஒட்டி, மேல கம்பளி கட்டி, கதவுக்கு அடியில ஒரு டவல சொருகிட்டேன். ஒரு கீத்து வெளிச்சம் போகாது. அவளும் சண்டையெல்லாம் போடல, தங்கமான பொண்ணு. கேஷவும் வீடியோ கால்ல, மூணு மணி நேரந்தான, அம்மாவுக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னான். சிரிச்சுகிட்டேதான் உள்ள போனா. ஏசி வேணும் அத்தேன்னா. போட்டு விட்டேனே! பதினாறுல வெச்சு விட்டேன். போன மட்டும் வாங்கி வெச்சுகிட்டேன், அந்த வெளிச்சம் எதுக்குன்னு.

அப்புறம்தான் கரெண்ட் போச்சு.

ஏன் எந்திரிக்கற? உக்காரு ரோஸி. கிரகணம் விட ஒண்ணே முக்கால் ஆகணும், இன்னும் ஒண்ணு கூட அடிக்கல. உக்காரேன்மா, நான் சொல்லி முடிச்சுடறேன். ஏசி நின்னதும் கதவத் தட்டினா. அத்தே, வேகுது, தொறங்கன்னா. இதோ வந்துடும்னேன். தண்ணி கேட்டா. இன்னும் கொஞ்ச நேரம்டா கண்ணுன்னேன். நான் ஒண்ணும் எங்கயும் போயிடல, கதவுக்கு இந்தப் பக்கம் தரையிலதான் உக்காந்திருந்தேன். சுலோகம் சொன்னேன். அவ தட்டத் தட்ட நானும் சத்தத்த ஏத்திகிட்டே போனேன். காதுல விழுந்தா மனசு எளகிடுமேன்னு.

அப்புறம், தலை சுத்துது அத்தே, வேர்வையே நின்னுபோச்சுன்னா. வேர்க்கலன்னா நல்லதுதானம்மா, உள்ள சூடு எறங்கிடுச்சுன்னு அர்த்தம்னேன். அப்படித்தான ரோஸி? ஏன் அப்படி முழிக்கற? அப்படித்தானே?

கொஞ்ச நேரம் கழிச்சு வேற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டா. என்னைக் கூப்பிடல. அம்மா, பஸ்ஸு வந்துடுச்சு, பைய எடும்மான்னா. அவங்க அம்மா போயி மூணு வருஷம் ஆச்சு. வெளையாடறாளா, கனவு கண்டு பேசறாளான்னு தெரியல. நானும் சுலோகத்த நிறுத்திட்டுக் கேட்டேன். பையில சில்லற இருக்கு பாரும்மான்னா. அப்புறம் தொப்புனு ஒரு சத்தம்.

அதுக்கப்புறம் தட்டல. தூங்கிட்டா போலன்னு நெனச்சுகிட்டேன். நெனச்சுகிட்டு, மாடிப்படில நின்னு உன்னைக் கூப்டேன்.

இழுக்காத ரோஸி, பூட்டியிருக்கு. வெறும் தாழ்ப்பாளா இருந்தா நானே மனசு மாறித் தொறந்துடுவேன்னு காலைலயே பூட்டும் போட்டுட்டேன். கத்தாதம்மா, பக்கத்து வீட்ல கேக்கும். கூப்பிடு, ஆம்புலன்ஸ தாராளமா கூப்பிடு, நான் வேணாம்னா சொன்னேன்? அவ போன் அந்த ஃப்ரிட்ஜ் மேல இருக்கு பாரு.

நான் தொறக்க மாட்டேன். என் கையால மாட்டேன். பொறக்கப்போறதுக்கு ஒரு சின்னக் கோணல் இருந்தாலும் திரும்பவும் என்னைத்தான பாப்பாங்க? அதே பார்வ. இப்ப எம்புள்ள பாப்பான். நீ தொறந்தா அது கணக்குல வராது, உங்களுக்குத்தான் கிரகணமே கெடையாதே. அதுக்குத்தான் உன்னக் கூப்டேன். வேற யார நான் கூப்பிடுவேன்?

சாவி முந்தானைலதான் இருக்கு. முடிச்சு அவுக்க வரல, விரல் நிக்க மாட்டேங்குது. நீயே அவுத்துக்கோ.

ஒண்ணு மட்டும் சொல்லு ரோஸி. உள்ள நான் சொம்பு வெக்கல, பாட்டில் வெக்கல. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அப்ப கதவுக்கு அடியில சொருகின அந்த டவல் எப்படி நனைஞ்சுது?

மெதுவா தொற. கொஞ்சமாத் தொறந்தாப் போதும். அவ மேல வெயில் பட்டுடப் போகுது.