லேசானது உதைக்கும்

காலையில் எழுந்ததும் ஏசியை நிறுத்துவேன். பல் தேய்ப்பேன். டீ போட்டு நின்றபடியே குடிப்பேன். சட்டையை இஸ்திரி போடுவேன். என் மனைவி ஜோதிமணி உயிரோடு இருந்தபோதும் அது என் வேலைதான். கீழே ஜெயசீலன் பிக்கப்பில் வந்து ஒரு முறை ஹாரன் அடிப்பார். அன்றும் அடித்தார். அன்றும் இறங்கிப் போனேன்.

நான் படித்தது இயற்பியல். அமீரகத்தின் அல் ஐனில், வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடையில் வேலை. எங்களிடம் வாங்குகிறவர்கள் வெளிநாடு போய் மானும் மலையாடும் சுடுகிறவர்கள். எந்த மிருகம் என்று நான் கேட்பதில்லை. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றுதான் கேட்பேன். மலை ஏறுகிறவருக்கு லேசானது. ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பவருக்குக் கனமானது. லேசானது தோளில் ஓங்கி உதைக்கும். கனமானது உதையைத் தன் எடையிலேயே வாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடப் பாடம்தான், ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல்முறை சுடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் நின்று, முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும். பாலைவனத்துக்குள் முதலாளிக்கு ஒரு பண்ணை இருக்கிறது. துப்பாக்கிகளை அங்கே சுட்டுச் சரிபார்ப்போம். பின்னால் நிற்பது எப்போதும் ஜெயசீலன். கடையின் டிரைவர், தூத்துக்குடிக்காரர். ஜோதிமணியைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்ள.

ஒரு விடுமுறை நாளில் ஜோதிமணியையும் கூட்டிப் போனோம். துப்பாக்கி சுடுவதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றாள். பிக்கப்பின் மேல் ஏறி நின்றாள். கனமானதை அவளால் தூக்க முடியாது. லேசானதைக் கொடுத்தேன். ஜெயசீலன் பின்னால் நிற்கவில்லை. சுட்டதும், திறந்திருந்த பின்பலகை வழியாக மல்லாந்து விழுந்தாள். கீழே ஒட்டகங்களுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்ட் தொட்டி. தூக்கியபோது அவள் பின்னந்தலை என் கையில் மெத்தென்று இருந்தது.

விபத்து என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். “அண்ணே, பிடிச்சுக்கோங்க” என்று அவள் கூப்பிட்டாள், அவர் வரவில்லை என்று அந்த விசாரணையில் சொன்னேன். ஜெயசீலன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதார். மறுக்காதவர் ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஹாரன் கேட்டு இறங்கிப் போன அந்தக் காலையில், துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. நான் நடக்க வேண்டியதில்லை. இலக்குத் தாளை மாற்ற நடந்து போவது அவர்தான். ஐந்து கிலோவை நெருங்கும் ஒன்றை எடுத்தேன். பண்ணையில் இறங்கியதும் அவரே அதைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

“என்ன மாப்ள, இன்னைக்கு அம்மிக்கல்லயே கட்டிக் கொண்டாந்துட்டியா?”

“உக்காந்து சுடுறதுக்கு மச்சான்.”

“நீ திங்குத சாப்பாட்டுக்கு இதத் தூக்குனா இடுப்பு விட்ரும். நவுரு, நான் கொண்டாறேன்.”

மேசையில் வைத்து, தூசியைத் துடைத்தும் கொடுத்தார். பிறகு தாள் மாற்றப் போனார்.

முதல் தோட்டா இடுப்பில். கனமான துப்பாக்கியில் ஒரு வசதி உண்டு. லேசானதில் சுட்டதும் ஸ்கோப்பில் வானம்தான் தெரியும். இதில் அவர் அதே இடத்தில் இருந்தார். உட்கார்ந்தார். தன் இடுப்பைப் பார்த்தார். பிறகு என்னை நோக்கிக் கையை ஆட்டினார், நிறுத்து என்பதுபோல. தவறிச் சுட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது தோட்டா அந்தக் கையின் தோளில்.

காயம்பட்டதை உடனே நெருங்கக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். ஃபிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தேன். அவர் கொஞ்ச தூரம் ஊர்ந்தார். பின்னால் மணல் ஈரமாகிக்கொண்டே வந்தது. ஊர்வது நின்றதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். கனம்தான்.

உதட்டில் மணல் ஒட்டியிருந்தது. மொபைலை நீட்டினார்.

“அன்னைக்கு எடுத்த வீடியோ மாப்ள. ஒங்கிட்டக் காட்ட மனசு வரல. ஒரு தடவ கேளு.”

கேட்டேன். முழுவதும் கேட்டேன். எனக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை. மொபைலை அவர் சட்டைப்பையில் வைத்தேன். காயம்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வருவதும் தவறு. மூன்றாவது தோட்டா நெற்றியில்.

இப்போது அந்த மொபைல் உங்கள் மேசைமேல் இருக்கிறது, சார். அவள் என்ன சொல்கிறாள் என்று மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்கிறார். காற்றுச் சத்தத்தில் புரியவில்லை என்றேன். அன்று அவ்வளவு காற்று இல்லை. பிடிச்சுக்கோங்க என்று அவள் சொல்லவில்லை. முதுகில் கையை வைக்க வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“தள்ளி நின்னு வீடியோ எடுங்கண்ணே. லேசான துப்பாக்கிதான், ஒண்ணும் உதைக்காதுன்னு அவரு சொல்லிட்டாரு.”