ஊமைப் புண்

டக்... டக்... டக்.

மோட்டார் கொட்டகையின் தகரக் கதவை யாரோ ஒற்றை விரலால் தட்டினார்கள்.

நெருங்கி உட்காருங்கள். இது நம் கலைவேந்தனின் அத்தை மகன் புகழ்வேந்தனுக்கு நடந்தது. இரவு ஒன்றே முக்கால். கரிக்கலாம்பாக்கத்துக்குத் தெற்கே, இரு பக்கமும் கரும்பு நிற்கும் மண்பாதை. ஆறு மணிக்கு மேல் நாய்கூட வராது.

அங்கே அவன் தனியாகப் படுத்து ஒன்பது நாள். இரண்டு வருடத்துக்கு முன், இறந்துபோன யாரோ ஒருவரின் கிட்னியை அவன் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வைத்திருந்தார்கள். உடம்பு அதை ஒதுக்காமலிருக்க தினமும் மாத்திரை. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைக்கும். இந்த நேரம் பார்த்து மகளுக்கு அம்மை போட்டது. ஒட்டிக்கொண்டால் அவன் உயிருக்கே ஆபத்து. மனைவி இளவரசி வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வராதய்யா" என்று அனுப்பிவிட்டாள். சோறு வரப்புக்கு வரும். கொண்டுவந்தவர் போன பிறகுதான் எடுப்பான்.

முந்தாநாள் கரும்புக் கட்டை பாதத்தில் குத்தியது. துணியைச் சுற்றிக்கொண்டான். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஆறிவிட்டது என்றே நினைத்தான்.

கதவைத் திறந்தான். நீலச் சேலை, முகக்கவசம், தோளில் பை. ஒரு நர்ஸ்.

"கால நீட்டுங்க."

இந்த நேரத்திலா என்று அவன் கேட்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, எதிரே ஒரு மனிதக் குரல்... அதுவே போதுமாயிருந்தது.

துணியை அவிழ்த்தாள். இனிப்பாய் ஓர் அழுகல் வாசம். கணுக்காலுக்கு மேல் அமுக்கினாள். தோலுக்கு அடியில்... நறநற. ஈர மணலை மிதித்த மாதிரி.

"இன்னா, வலி இல்ல, ஜுரம் இல்லன்னு ஜாலியா படுத்துட்டீங்களா? வூட்ல திருடன் பூந்தா நாயி கொலைக்கணும். உங்க நாயி மாத்திரை போட்டுத் தூங்குது. ஒடனே நூத்தியெட்டுக்கு போன் போடுங்க!"

பேசும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடிவயிற்றின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கதவு திறந்திருந்தது. பாதையில் யாரும் இல்லை. கரும்புத் தோகை மட்டும் சரசரத்தது.

விடியுமுன் அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு விரல் போனது. இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆளே போயிருப்பான் என்றார் டாக்டர்.

காலையில் இளவரசிக்குப் போன் செய்தான்.

"அந்த நர்சம்மா மட்டும் வரலைன்னா நான் இல்லடி. பேரு கேக்க மறந்துட்டேன். நெத்தியில, புருவத்துலேர்ந்து உச்சி வரைக்கும் தையல் போட்டிருந்துச்சு."



"யோவ்... உனக்கு கிட்னி குடுத்த அம்மாவோட ஒடம்ப ஆஸ்பத்திரி வண்டியில ஏத்துறப்ப நான் பாத்தேன்யா... அந்தத் தையலு அவங்க நெத்தியில இருந்துச்சு."