முருங்கைக்கீரையும் ஓடுகிற எலிகளும்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கோழிப்பண்ணை வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"எம் பொண்ணு எலியை ஓட வுடறா, அம்மிணி."

"எலியையா? எதுக்குங்க்கா?"

"அதுதான் அவ படிப்பு. தெனமும் சக்கரத்துல ஓட வுட்டு, முருங்கைக்கீரைச் சாறு குடுத்துப் பாக்கறா. தின்னதைச் சக்தியாக்கறதுக்குச் சதைக்குள்ள சின்னச் சின்ன அடுப்பாட்டம் இருக்குதாம். ஓடுனா அது பெருகுதாம்."

"கீரை தின்னா?"

"அதைக் கண்டுபுடிக்கத்தான் நாலு வருசம். நம்மூட்டு மரத்துக் கீரைதான். நான்தான் நெழல்ல காயவெச்சு அனுப்புனேன்."

"அப்பக் கீரைதான் செயிச்சிருக்கும்!"

"அதான் இல்லை. சும்மா உக்காந்திருந்த எலிக்குக் கீரை ஒன்னும் செய்யலை. ஓடுன எலிக்குக் கொஞ்சம் கூடுதலா ஒதவுச்சு, அவ்வளவுதான். போன வாரம் பெரிய வாத்தியாருங்க முன்னாடி அதை அப்படியே சொன்னா. நானும் போயிருந்தேன்."

"நாலு வருசப் பாடாச்சேங்க்கா. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருத்தரு திருப்பித் திருப்பிக் கேட்டாரு, கீரையால மட்டும் ஒன்னுமே இல்லையான்னு. 'இல்லைங்க சார்'னு நிமிந்து நின்னு சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

பண்ணை ஸ்டாப் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"அப்புறம் பட்டம் குடுத்தாங்களா?"

"குடுக்காம? எல்லாரும் கை தட்டுனாங்க. இனிமே அவ டாக்டருங்கோ!"

கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, மூத்தவர்தான் முதலில் இறங்கினார்.