டாக்டர் பேருக்கு ஒட்டிய கவர்

— மீட்டர் மட்டும் ஓடுது, வண்டி ஓடல. தீப்தி, அந்த டிரைவர்கிட்டக் கேளு, இந்த ஊர்வலம் எப்பத்தான் முடியும்னு. உனக்குத்தான் பெங்காலி தண்ணி பட்ட பாடாச்சே.

— மூணு தடவை கேட்டாச்சுப்பா. 'மிச்சில் முடியறப்ப முடியும்'ங்கறார் டிரைவர் தாதா. ராஷ்பிஹாரி முக்கு வரைக்கும் கொடிதான் தெரியுது. நான் என்ன, கொடியைப் புடுங்கிட்டு வரட்டுமா?

— மணி பத்தேமுக்கால். பதினொண்ணரைக்கு டாக்டர் கரியாஹாட்ல இருந்து கெளம்பிருவாரு. இந்த அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே மூணு வாரமாச்சு. இன்னைக்கு விட்டா அப்புறம் பன்னெண்டு நாள் அவர் ஊர்லயே இல்ல. பன்னெண்டு நாள் என் நெஞ்சு தாங்குமான்னு யாராவது யோசிச்சீங்களா?

— ஏனுங், கத்தாதீங். கத்துனா ஆகாதுன்னு நீங்கதானுங் சொன்னீங். இந்தாங், ஒரு மடக்கு சுடுதண்ணி குடிங்.

— தண்ணி வேண்டாம், அருக்காணி. அந்த நோட்டீஸை எடு. ஆபீஸ் மெடிக்கல் காம்ப்புல குடுத்தானே, மஞ்சக் கலர்ல.

— உஃப், மறுபடியுமா அப்பா! இருபத்தொரு நாளா அதையேதான் படிக்கறீங்க.

— படிச்சாத்தான் தெரியும். என்னமோ 'ஹார்ட்டு, ஹார்ட்டு'ன்னு எல்லாரும் ஒரே மூச்சுல சொல்லிடறீங்க. அது ஒரு வியாதி இல்ல, ஒரு கும்பல். இருதயத்துக்கே ரத்தம் கொண்டு போற குழாய் இருக்கு பாரு, அதுல கொழுப்பு படிஞ்சு அடைச்சுக்கறது ஒரு ரகம். அதான் நம்ம கேஸு.

— கொளா அடைப்பா! நம்மூட்டுக் கொளா துரு புடிச்சு அடைச்சு ரெண்டு மாசமாச்சுங். அதுக்கு ஆரும் மஞ்ச நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கலீங். லட்சுமி பூஜையோட மோட்டாரும் படுத்துக்கிச்சு. ஒரு நாளைக்கு எட்டு பக்கெட்டுத் தண்ணி, ரெண்டு மாடி.

— நானா தூக்க மாட்டேன்னேன்? வெயிட் தூக்கக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்கு.

— உங்குளை ஆருங் தூக்கச் சொன்னா? தூக்கறது நான். சும்மா சொன்னனுங்.

— அம்மா, கீழ் வீட்டு பௌதியோட வேலைக்காரப் பையன் தூக்கித் தரேன்னானே?

— அவனுக்கு ஆயிரஞ் சோலி, கண்ணு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். மெதுவா ஏறுனா ஏறிரலாம். நடுப் படியில சித்த உக்காந்தா எல்லாஞ் சரியாப் போகுது.

— பேச்சை மாத்தாதீங்க. ரெண்டாவது ரகம், வால்வு. கதவு மாதிரி தொறந்து மூடோணும். சரியா மூடலைன்னா போன ரத்தம் திரும்பி வந்துரும். அப்புறம், துடிப்பு தாறுமாறாப் போறது ஒண்ணு. இருதயமே களைச்சுப் போயி, பம்பு பண்ணத் தெம்பில்லாம கால் வீங்கறது ஒண்ணு. இதே அடைப்பு மூளைக்குப் போற குழாய்ல வந்தா கை கால் இழுத்துக்கும். கால் குழாய்ல வந்தா நாலடி நடக்க முடியாது, ஆடுசதை புடிச்சுக்கும். எல்லாத்துக்கும் அடியில பிரஷர், சர்க்கரை, புகை.

— அது எல்லாமே உங்களுக்கு இருக்குன்னு வாரத்துக்கு ஒண்ணா சொல்லிட்டீங்க. போன வாரம் வால்வு. அதுக்கு முந்தின வாரம் பக்கவாதம், இடது கை மரத்துப் போச்சுன்னு. கையைத் தலைக்குக் கீழ வெச்சுத் தூங்கினா மரத்துத்தான் போகும்!

— உனக்கு வெளையாட்டாத் தெரியுது.

— எனக்கு எரிச்சலா இருக்குப்பா! எந்த ரகம்னு அந்தக் கவருக்குள்ள எழுதியிருக்கு. அது அம்மா மடியில இருக்கு. பிரிச்சா ஒரு நிமிஷம்.

— அது என்ன நம்ம பேருக்கு வந்த கவரா? மேல இருதய டாக்டருக்குன்னு எழுதி, ஒட்டிக் குடுத்திருக்காங்க. முப்பத்தோரு வருசம் டெஸ்பாட்ச் செக்ஷன். அடுத்தவன் பேருக்கு வந்த கவர் ஒண்ணைக்கூட இந்தக் கை பிரிச்சதில்ல. ரூல்னா ரூல்.

— தூர்! உங்க ஆபீஸ் ரகசியமா அது? உங்க உடம்புப்பா!

— 'அடைப்பு'ன்னு காம்ப்புல கம்பவுண்டர் சொன்னதே போதும். காம்ப்புல நாங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தோம். ஒரு பேப்பர் தொறந்த வாக்குல, நார்மல்னு வந்துது. இன்னொண்ணு ஒட்டின கவர், உடனே இருதய டாக்டர்கிட்டப் போகச் சொல்லி. இதுல எது யாருதுன்னு கேக்கோணுமாக்கும்? இருவது வருசம் சிகரெட் குடிச்சவன் நான். ஆபீஸ் டென்சன் பூரா என் தலையில. உங்கம்மாளுக்கு என்ன, வீட்டோட இருக்கறா. நார்மல்.

— அந்த நார்மல் பேப்பர்லயும் உங்க பேருதானுங் போட்டிருந்துச்சு. ஒரு நாளாச்சும் என்ற பேரை ஒரு காயிதத்துல பாக்கலாம்னு இருந்தேன்.

— என் ஆபீஸ் மெடிக்கல் கார்டுல டெஸ்ட் பாத்தா என் பேருதான் வரும், அருக்காணி. ரேஷனு, சிலிண்டரு, ஆஸ்பத்திரி, எதுல உன் பேர் இருக்கு? அது ஒரு கொறையா இப்ப?

— கொறைன்னு சொல்லலீங். சொன்னேன், அவ்வளவுதான்.

— அந்த நோட்டீஸோட கடைசிப் பக்கத்தை ஏம்ப்பா படிக்கவே மாட்டேங்கறீங்க?

— அது லேடீஸுக்கு எப்படி வரும்னு. நமக்கு எதுக்கு? ... ஓய் தாதா! ஹார்ன் அடிச்சா ஊர்வலம் ஒதுங்குமா? காதுதான் கிழியுது.

— அப்பா, இவர் கைய விரிச்சுட்டார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். எறங்கி நடந்தா தேஷப்ரியா பார்க்குக்கு அந்தப் பக்கம் ரிக்‌ஷாவாவது கெடைக்கும்.

— நடக்கறதா? நானா?

— மெதுவா நடக்கலாமுங். நான் கையப் புடிச்சுக்கறேன். கண்ணு, அந்தப் பையை இங்க குடு.

— ரொம்ப கனமா இருக்கும்மா. என்னதான் வெச்சிருக்கீங்க?

— ஒண்ணுமில்ல. அட்மிசன் போட்டுட்டா வேணுமேன்னு அப்பாவுக்கு ரெண்டு வேட்டி, போர்வை, ஃபிளாஸ்க்கு, உப்பில்லாத ரசம், தலகாணி. அந்தத் தலகாணி இல்லாட்டி தூக்கம் வராது அவுருக்கு.

— குடுங்க, நான் தூக்கறேன்.

— நீ அப்பா பக்கத்துல போ. கூட்டத்துல ஆரும் இடிச்சுறப் போறாங்க.

— ஏம்புள்ள, வெரசா வா. அஞ்சு நிமிசம் வீணாப் போச்சு.

— வந்துட்டனுங்.

— தீப்தி, ஒண்ணு கவனிச்சியா? எனக்கு மூச்சே வாங்கல. சாமி புண்ணியம். காம்ப்புலயும் இப்படித்தான். அந்த ஓடற பட்டை மேல ஏத்திவிட்டாங்க பாரு, நம்ம ஆபீஸ்காரன் ஒவ்வொருத்தனும் நாலு நிமிசம், அஞ்சு நிமிசம்னு பொத்து பொத்துன்னு எறங்கறான். நான் ஒன்பது நிமிசம்! கடைசி வரைக்கும். அந்த நர்ஸம்மா கையே தட்டுனா.

— இதைப் பத்து தடவை சொல்லியாச்சு.

— அவ்வளவு ஓடுனவனுக்கே அடைப்புங்கறான் பாரு, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. என்னத்தைச் சொல்றது. உங்கம்மா மூணே நிமிசத்துல எறங்கிட்டா. அவளுக்கு நார்மல்!

— என்ற சேலை பட்டையில மாட்டிக்கிச்சுங். தடுக்கி உழுந்துருவேன்னு அவிகளே எறக்கிவிட்டுட்டாங்க... கண்ணு, சித்த நில்லு.

— என்னாச்சும்மா?

— செருப்பு வாரு.

— வாரு நல்லாத்தானே இருக்கு?

— பல்லு வலி கண்ணு. இந்தத் தாடையில இருந்து தோள் வரைக்கும் புடிச்சு இழுக்குது. நாலு எட்டு வெச்சா வருது, நின்னா போயிருது. பல் டாக்டருகிட்டப் போன வாரமே போகோணும். அப்பாவோட இது முடியட்டும்னு தள்ளிப் போட்டுட்டேன்.

— முகமெல்லாம் வேர்த்திருக்கு. நவம்பர் மாசத்துல!

— கேஸா இருக்கும். காத்தால சாப்பிடல. பௌதி குடுத்த ஜெலுசில் ஒண்ணு இடுப்புல இருக்கு, போட்டுக்கறேன்.

— அங்க என்ன மாநாடு? மணி பதினொண்ணு பத்து!

— அம்மாவுக்கு முடியலப்பா. அந்தப் புடவைக் கடைப் படியில ஒரு நிமிஷம் உக்காரட்டும்.

— இப்ப உக்காந்தா டாக்டர் போயிருவாரு! ஏம்புள்ள, சீக்காளி நானா, நீயா?

— நீங்கதானுங். இதோ எந்திரிச்சுட்டேன்.

— உக்காருங்கம்மா! ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. நான் நர்சிங் ஹோமுக்கு ஃபோன் போட்டு, காத்திருக்கச் சொல்லிப் பாக்கறேன்.

— மொபைல்லயா? அதெல்லாம் வேண்டாம். நேர்ல போனாத்தான் மதிப்பு.

— ஹலோ, ரிசப்ஷனா? திதி, நான் கே. செல்வராஜோட பொண்ணு. பதினொரு மணி அப்பாயின்ட்மென்ட்... ஆமா, மிச்சில்ல மாட்டிக்கிட்டோம்... ஒரு நிமிஷம்... அப்பா, டாக்டர் கெளம்பத் தயாராயிட்டாராம். சீரியஸ் கேஸ்னா காத்திருப்பாராம். ரிப்போர்ட்டை ஃபோன்ல படிக்கச் சொல்றாங்க.

— சீரியஸ்னு சொல்லு. ஒட்டின கவர்லதான் குடுத்திருக்காங்கன்னு சொல்லு.

— கவர் ஒட்டியிருக்குன்னு சொன்னா டாக்டர் காத்திருப்பாரா? அம்மா, அந்தக் கவரை எடுங்க.

— அருக்காணி, குடுக்காதே. அது அவர் பேருக்கு...

— உங்க உசுரைவிட அந்தக் கோந்து பெருசுங்களா? இந்தா கண்ணு, கிழி. நான் சொல்றேன், கிழி. பாவம் வந்தா எனக்கு வரட்டும்.

— முப்பத்தோரு வருசம்... கிழிச்சே போட்டாளா! மெதுவா, உள்ள பேப்பர் கிழிஞ்சுறப் போகுது.

— திதி, படிக்கறேன். பேர் கே. செல்வராஜ். கார்டு நம்பர் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. டிரெட்மில் டெஸ்ட். 'மூணு நிமிஷம் பத்து விநாடியில் நிறுத்தப்பட்டது. மூச்சுத் திணறல். தாடையிலும் இடது தோளிலும் வலி. ஈசிஜியில் மாற்றம். இருதயத்துக்குப் போகும் ரத்தம் குறைவு. உடனே ஆஞ்சியோகிராம் தேவை...'

— மூணு நிமிசமா? தப்பாப் போட்டிருக்கான் மடையன். ஒன்பது நிமிசம்! நர்ஸு கை தட்டுனா! எனக்கு எங்க தாடையில வலிச்சுது? மூணு நிமிசத்துல எறங்குனது உங்க...

— அப்பா.

— என்ன?

— பேருக்குக் கீழ சின்னதா இன்னொரு வரி இருக்கு.

— படி.

— 'கார்டுதாரரின் மனைவி. வயது ஐம்பத்தி ஒண்ணு.'

— எங்க, இங்க காட்டு.

— பாருங்கப்பா. திதி லைன்ல இருக்காங்க.

— காத்திருக்கச் சொல்லு. காத்திருக்கச் சொல்லு, தீப்தி! ஆம்புலன்ஸ் அனுப்ப முடியுமா கேளு. அருக்காணி, அந்தப் பையைக் கீழ வை. எந்திரிக்காதே. கீழ வைன்னு சொல்றேன் இல்ல!

— எதுக்குங் இப்பிடிக் கத்தறீங்? அப்ப, உப்பில்லாம தனியா ஆக்கிப் போட்டு, வெந்நி வெச்சு, கால் அமுக்கிவிட்டனே... இந்த இருவத்தொரு நாளும் அந்தக் கட்டல்ல படுத்திருக்க வேண்டியது நானுங்களா?