வளையாத கட்டைவிரல்

— தலகாணிய உருவாதே. அது மேல என் கால் இருக்கு.

— இருக்கறது தெரியுது. நேத்திலேருந்து இந்த வார்டுல அதப் பத்தித்தானே பேச்சு. புருஷனாச்சேன்னு பாக்கறேன். ஸ்கூல் பிள்ளைங்கள வெயில்ல ஓடவிட்ட பி.டி. மாஸ்டர், ஒரு கட்டைவிரலுக்குப் போட்ட கூப்பாடு வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

— நான் என்ன சொல்றேன்னா, இது லேசுப்பட்ட ஆபரேஷன் இல்ல. மூட்டு மொத்தமா தேஞ்சு போச்சு. எலும்பு ரெண்டையும் ஒண்ணாச் சேத்து ஸ்க்ரூ முடுக்கியிருக்காரு டாக்டர். இனிமே அந்த இடம் வளையவே வளையாதாம்.

— இத்தன வருஷக் குடித்தனத்துல உங்ககிட்ட எது வளைஞ்சிருக்கு? அந்த விரல் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் சேந்துக்கிச்சு.

— சிரிக்காத. ராத்திரி உயிரே போயிடுச்சு.

— மரத்துப்போற ஊசியோட வேகம் விட்டா அப்படித்தான். இன்னிக்கும் குத்தும், அப்புறம் அடங்கிடும். காலத் தொங்கப் போடாதீங்க, வீங்கிடும். தலகாணி குதிகாலுக்கு இல்ல, கெண்டைக்கால்ல முட்டுக் குடுக்கணும். கொஞ்சம் தூக்குங்க. இப்போ?

— அட, சுகமா இருக்கே. நர்ஸுக்குக்கூட இது தெரியல.

— எழுந்து நடக்கச் சொன்னா விரலை ஊனிடாதீங்க. குதிகால்லயே பாரம் போட்டு வாத்து மாதிரி நடங்க. வெக்கப்பட வேண்டாம், வீட்டுல யாரும் பாக்க மாட்டாங்க.

— நான் என்ன சொல்றேன்னா, இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா? டாக்டரா?

— டாக்டர்தான். உங்க டாக்டர் இல்ல, என்னோட டாக்டர்.

— உனக்கு எதுக்கு டாக்டர்?

— என் பாதத்தப் பாருங்க. கட்டைவிரல் மேல கோடு தெரியுதா? தையல் போட்ட இடம். எனக்கும் இதே ஆபரேஷன்தான்.

— இது எப்போ?

— நீங்க உங்க டீம் பசங்கள டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்போ. அக்காதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தா.

— எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?

— போட்டேன். மேட்ச் ஓடுது, அப்புறம் பேசறேன்னு வச்சிட்டீங்க.

— சரி, வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாம். இத்தன நாள் மறைச்சு வச்சா எனக்கு எப்படித் தெரியும்?

— எங்க மறைச்சேன்? விரல்ல பாரம் விழாம இருக்க ஆஸ்பத்திரியில குடுத்த கட்டை செருப்ப மாட்டிக்கிட்டு, சுவரப் பிடிச்சு நடந்து வந்து நான்தான் கதவத் திறந்தேன். கீழ பாத்தீங்க. வீட்டுக்குள்ள என்ன செருப்புன்னு அதட்டினீங்க. கழட்டிப் போட்டுட்டு, உங்களுக்குக் காபி போடப் போனேன்.