குறட்டையில் பதமான சக்கரம்

— உலகத்துலயே குறட்டை விட்டு எஃகுக்குப் பதம் ஏத்தினவன் நான் ஒருத்தன்தான் மாப்ளே.

— ஆரம்பிச்சிட்டீங்களா மாமா. போன வாரம் ஒரு மணி நேரம் தூங்கினதாச் சொன்னீங்க. இன்னைக்கு எவ்வளவு?

— மூணு. மத்தியானம் சாப்பிட்ட மயக்கம். கல்லு உடைக்கிற மெஷினுக்குப் பல்சக்கரம், என் உயரம் இருக்கும்.

— போன வாரம் இடுப்பளவு.

— வளருது, விடேன். செக்கச்செவேல்னு காய்ச்சி எண்ணெயில இறக்கினேன். கெட்டின்னா கெட்டி, ஆனா கண்ணாடி மாதிரி, ஓங்கி அடிச்சாத் தெறிச்சிடும். அந்த முறுக்கைக் கொஞ்சம் தணிக்க இன்னொரு உலையில இருநூத்தம்பது டிகிரியில வெச்சுட்டுக் கண் அசந்தேன். முழிச்சா முள்ளு ஐந்நூறுல நிக்குது. என் குறட்டைக்கு மிரண்டு உலையே எகிறிடுச்சு.

— அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. சோதனை மேசையில இருந்தவன் நான். ஐந்நூறுல வெந்திருந்தா கெட்டித்தன அளவு நாப்பதுக்கு இறங்கியிருக்கும். ரெஜிஸ்டர்ல அம்பத்திரெண்டு, கீழே என் கையெழுத்து.

— அதான் முப்பது வருஷமா எனக்கும் புரியல. மத்த சக்கரமெல்லாம் மூணே மாசத்துல பல்லு கொட்டிக் கிழவனாச்சு. இது மட்டும் போன வருஷம் வரைக்கும் ஓடியிருக்கு.

— நல்ல எஃகு. அவ்வளவுதான்.

— இதைக் கேளு. இப்ப இருக்கிற இன்ஜினீயர் உன் ரெஜிஸ்டரைப் பார்த்து, அதே கணக்குல புதுசு பண்ணிப் போட்டிருக்கார். முந்தாநாள் பல்லு உடைஞ்சு, மெஷின்காரன் காதைக் கிழிச்சிட்டுப் பறந்துதாம். இதுல நான் ஒரு சொல்லுகூடச் சேர்க்கல.

— ஆளு எப்படி இருக்கான்?

— நாலு தையலோட தப்பிச்சான். ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தா கழுத்து. நாளைக்கு அடுத்த சக்கரத்தையும் அதே இருநூத்தம்பதுலதான் வைக்கப் போறாங்க. விசாரிக்க இன்ஜினீயரை வரச் சொல்லியிருக்கேன். அதோ, வண்டியை நிறுத்தறார். ஆனா குறட்டைக்காரன் பேச்சை யார் நம்புவா? உன் கையெழுத்துக்குத்தானே மரியாதை.

— மாமா.

— என்ன?

— நீங்க தூங்கினதை நான் எட்டிப் பார்த்தேன். வைக்கோல் நிறத்துல வர வேண்டிய சக்கரம் சாம்பலா வந்துது. மூணு இடத்துல அளந்தேன், மூணுலயும் நாப்பத்தொண்ணு. அதை எழுதினா உங்க வேலை போயிடும், அக்கா வேற அப்ப மாசமா இருந்தா. அம்பத்திரெண்டு நான் போட்ட பொய். கதவைத் திறங்க, எல்லாம் நடந்துதுன்னு நானே சொல்றேன்.